நாற்காலியைத் திருப்பிப் போட்ட நாள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

எந்த சிடி பிளேயரை எந்த ஆம்ப்ளிபையரோடு சேர்க்கலாம், எந்த ஸ்பீக்கரை எதோடு சேர்க்கக் கூடாது என்று ஒரு பட்டியல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடம் அதைத்தானே செய்தீர்கள், எழுதுவதில் என்ன கஷ்டம் என்றும் கேட்டீர்கள். கஷ்டம் ஒன்றும் இல்லை. அலுப்புதான். நான் விற்ற பெட்டிகளில் முக்கால்வாசியை இன்று யாரும் தயாரிப்பதில்லை. அவற்றைப் பொருத்திப் பார்த்த என் காதும் பழைய காது இல்லை.

எனக்குத் தெரிந்த தொழில் நுணுக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லது என்று எந்தக் காதும் ஏமாறும். ஆள் தன் வீட்டில் கேட்கும் சிடி தட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்; கடைத் தட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கூர்மையாக ஒலிக்கும் பிளேயரைக் கூர்மையான ஸ்பீக்கரோடு சேர்க்காதீர்கள். அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். பாட்டு ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருங்கள். அவ்வளவுதான். இதைப் படித்தவர்கள் யாரும் இந்தத் தொழிலில் பெரிதாகத் தவறு செய்ய மாட்டார்கள். நானும் பெட்டி விஷயத்தில் பெரிதாகத் தவறியதில்லை. தவறியது வேறு இடத்தில். அதை எழுதுகிறேன்.

எங்கள் கடை அப்போது தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருந்தது. கீழே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் குழம்பு வாசனை படியேறி வந்து, பாட்டுக் கேட்கும் அறைக்குள் உட்கார்ந்துகொள்ளும். பின்பக்கம் ரயில் பாதை. ரயில் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். முதலாளி சீனர், ஆனால் பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. சிடி வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. பெரிய பெரிய பேரங்காடிகளில் குளிர்சாதன வசதியோடு புதுக் கடைகள் திறந்துகொண்டே இருந்தன. எங்கள் படியை ஏறி வரும் ஆள் ஒவ்வொருவரையும் அவர் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாணிக்கம் அண்ணன் வந்தார். கிள்ளான்காரர். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற குரல். போர்ட் கிள்ளானிலிருந்து மேருவில் இருக்கும் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றும் லோரிகள் வைத்திருந்தார். லோரி முதலாளி ஆவதற்கு முன்னால் இருபது வருடம் தானே ஓட்டியவர். கூட அவர் மனைவி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பெயர் பரமேஸ்வரி. மாணிக்கம் அண்ணன் பிறர் முன்னால் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"தம்பி, இருபது வருசம் லோரி எஞ்சினத்தான் கேட்டேன். இப்ப உக்காந்து வயலின் கேக்கணும். இருக்கறதுலயே நல்லத வையுங்க" என்றார்.

இருந்ததில் நல்லதை வைத்தேன். தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்ளும் எடையுள்ள பிளேயர். முன்பக்கம் விரல் தடிமனுக்கு அலுமினியம். தட்டு வைக்கும் பலகை சத்தமே இல்லாமல் வெளியே வரும். மாணிக்கம் அண்ணன் தன் கைப்பையிலிருந்து வயலின் கச்சேரித் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வயலின் நடுவில், மிருதங்கம் ஒரு பக்கம், கடம் மறு பக்கம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருப்போம். அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் சற்றுத் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு மாணிக்கம் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"வயலின்காரர் ஏன் தம்பி இடது பக்கம் போய் உக்காந்துட்டாரு? வலது பக்கம் சத்தமே கம்மியா இருக்கே."

எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் சொன்னால் பார்க்க வேண்டும். பிளேயரின் பின்னாலிருந்த இரண்டு வயரையும் இடம் மாற்றிக் குத்தினேன். பிளேயரில் கோளாறு இருந்தால் மெலிவு இடது பக்கம் போக வேண்டும். போகவில்லை. ஆம்ப்ளிபையரிலிருந்து போகும் வயர்களை மாற்றினேன். இன்னும் வலதுதான் என்றார். கடைசியில் ஸ்பீக்கர்களையே தூக்கி இடம் மாற்றினேன். வியர்வை வழிந்தது. "இல்ல தம்பி, வலதுதான்" என்றார்.

"ரூமா இருக்கும், சேகர்" என்றார் முதலாளி கல்லாவிலிருந்து.

அறையாக இருக்கலாம். ஒரு பக்கம் கண்ணாடி, மறு பக்கம் திரை என்றால் அப்படி நடக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். அறையில் குறை என்றால் இப்போது அந்தப் பக்கம் அவருடைய இடது கைப் பக்கமாக வர வேண்டும்.

பாட்டைப் போட்டேன். அவர் சுவரைப் பார்த்தபடி கேட்டார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். வலது கை.

"இப்பவும் இந்தப் பக்கந்தான் தம்பி."

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டிகளை இடம் மாற்றியபோதும் குறை அவருடைய வலது பக்கத்திலேயே நின்றது; நாற்காலியைத் திருப்பியபோது அவரோடு கூடவே திரும்பியது. பெட்டியிலும் இல்லை, அறையிலும் இல்லை.

அந்த நேரம் கீழேயிருந்து விடாமல் ஹார்ன் சத்தம் வந்தது. மாணிக்கம் அண்ணன் தன் காரை வேறொரு வண்டியை மறித்து நிறுத்திவிட்டு வந்திருந்தார். "ஐயையோ, நம்ம காடி" என்று எழுந்து படியிறங்கி ஓடினார். டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க டீச்சர்."

"போன் வந்தா எப்பவும் இடது காதுலதான் வைக்கிறாரு. வலது பக்கம் நின்னு கூப்புட்டா திரும்பறதில்ல. இப்ப நீங்க நாற்காலியத் திருப்புனீங்க, நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவரு காதுல ஏதும் இருக்குமா?"

இதைவிடத் தெளிவாக ஒருவர் கேட்க முடியாது. கல்லாவில் முதலாளி ரசீதுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேனா நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது. அந்த மாதம் அந்தப் பிளேயர் போனால்தான் கடைக்கு மூச்சு வரும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். எனக்குள்ளும் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. நம் நாட்டில் லோரி ஓட்டுகிறவருக்கு ஜன்னல் வலது பக்கம். இருபது வருடம் காற்றும் எஞ்சின் சத்தமும் அந்தக் காதில்தானே அடித்திருக்கும்? அதற்கு டாக்டர் என்ன செய்யப் போகிறார்? ஒரு மனிதன் ஆசையாக வாங்க வந்திருக்கும்போது அவனுக்குக் காது மந்தம் என்று சொல்ல நான் யார்?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்," என்றேன். "இந்த ரூம் அப்படி. வீட்டுல வச்சா சரியாயிடும்."

டீச்சர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். முதலாளியின் பேனா மறுபடி ஓடத் தொடங்கியது.

மாணிக்கம் அண்ணன் வாங்கிவிட்டார். பொருத்தப் போனபோது அவர்கள் வீட்டிலும் சரியாகவில்லை. சரியாகாது என்று எனக்குத்தான் தெரியுமே. விலை கூடிய ஆம்ப்ளிபையர்களில் இடது வலது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பெரும்பாலும் இருக்காது. அது இருக்கும் ஒன்றாகத் தேடி எடுத்துக்கொண்டுதான் கிள்ளானுக்குப் போயிருந்தேன். குமிழை வலது பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தேன். மாணிக்கம் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் தம்பி வயலின்காரரு நடுவுல வந்து உக்காந்திருக்காரு!" டீச்சர் தேநீர் கொண்டுவந்தார். அவரும் சோபாவில் உட்கார்ந்து பாட்டைக் கேட்டார். அவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருக்கும். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பொய் சொன்னவனுக்குத் தூக்கம் வராது என்பார்கள். எனக்கு நன்றாகவே வந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த வருடம் நான் அதை ஒரு கெட்டிக்காரத்தனமாகத்தான் நினைத்திருந்தேன். ஆளின் குறைக்கு ஏற்றபடி பெட்டியைப் பொருத்திக் கொடுத்துவிட்டேன் என்று.

ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, அடுத்த தீபாவளிக்கு முன்பு, மாணிக்கம் அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை தனியாக. அவர் படியேறி வரும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். மேலே வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றார்.

"என்னண்ணே, முடியலையா?"

"ஒண்ணும் இல்லலா. வயசாச்சில்ல. தம்பி, அந்த பிளேயர் சரியில்ல. மறுபடி இடது பக்கமே போவுது. குமிழ முழுசாத் திருப்பியாச்சி. அதோட ஊ...ன்னு ஒரு சத்தம் வேற. வேற நல்லதாக் காட்டுங்க."

முதலாளி காத்திருந்தவர் போல் எழுந்தார். அப்போதுதான் வந்து இறங்கியிருந்த பிளேயர் ஒன்று இருந்தது. இரண்டு தனிப் பெட்டிகளாக வரும். ஒன்று தட்டைச் சுழற்ற, மற்றது ஒலியாக மாற்ற. கடையிலேயே விலை கூடியது அதுதான். "சேகர், அத வையி. அந்தச் சத்தமெல்லாம் இதுல வராது, மாணிக்கம்" என்றார்.

வைத்தேன். மதியம் மூன்று மணி. கீழே சாப்பாட்டுக் கடை ஓய்ந்திருந்தது. ரயிலும் இல்லை. பாட்டு ஓடியது. முடிந்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"வயலின் நல்லா இருக்கு. ஆனா அந்த ஊ...ங்கிற சத்தம் இதுலயும் இருக்கே."

"கேபிள் மாத்திப் பாரு" என்றார் முதலாளி.

நான் மாற்றவில்லை. பிளேயரை நிறுத்தினேன். ஆம்ப்ளிபையரை நிறுத்தினேன். பிறகு சுவரில் இருந்த சுவிட்சையும் அணைத்தேன். அறையில் எரிந்துகொண்டிருந்த சின்னச் சிவப்பு விளக்குகள் எல்லாம் அணைந்தன. மின்விசிறியும் நின்றது.

"இப்ப, அண்ணே?"

அவர் கூர்ந்து கேட்டார். முகத்தில் லேசான எரிச்சல்.

"இன்னும் வருதே தம்பி. உங்களுக்குக் கேக்கலையா?"

அந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அவர் தலையை மிக லேசாக அசைத்தார். வேண்டாம் என்று.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நொடி வரும். அது பெரிய மணி அடித்துக்கொண்டு வராது. ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், இன்னொரு ஆள் தலையை அசைப்பார், நீங்கள் நடுவில் சுவிட்சில் கை வைத்தபடி நிற்பீர்கள். நான் தைரியத்தால் வாயைத் திறந்தேன் என்று நினைக்காதீர்கள். பயத்தால் திறந்தேன். சுவரைத் தடவிக்கொண்டு படியேறிய மனிதரைப் பார்த்த பிறகு, லோரி ஜன்னல் என்ற என் சமாதானம் நிற்கவில்லை.

"அண்ணே, எல்லாத்தையும் அணைச்சிட்டேன். சத்தம் பெட்டியிலேர்ந்து வரல. உங்க காதுலேர்ந்து வருது. வலது காது உங்களுக்குச் சரியாக் கேக்கல. நடக்கும்போது தள்ளாடுறீங்க. பிளேயர் வேணாம்ணே. டாக்டரப் பாருங்க."

அவர் மெதுவாக எழுந்து நின்றார்.

"என்னைச் செவிடன்னு சொல்றியா?"

அதுவரை என்னை நீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படிச் சொல்லலண்ணே..."

"பொருள் விக்கத் தெரியாதவன் ஆளக் குறை சொல்லுவான். இருபது வருசம் ரோட்டுல கண்ணும் காதும் வச்சிதான்டா சம்பாரிச்சேன். பின்னால வர்ற லோரி எத்தன டன்னுன்னு சத்தத்துலயே சொல்லுவேன். எனக்குக் காது கேக்கலையா?"

முதலாளி இடையில் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். மாணிக்கம் அண்ணன் கேட்கவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு, நிலையைப் பிடித்துப் படியிறங்கிப் போய்விட்டார்.

முதலாளி கதவைச் சாத்தினார். கத்தவில்லை. "நாம ஸ்பீக்கர் விக்கிறோம், சேகர். காது விக்கல" என்றார். மறுநாளிலிருந்து என்னைப் பின்னறையில் பழைய கேசட் டெக்குகளைச் சுத்தம் செய்ய உட்கார வைத்தார். பல வாரம் வாடிக்கையாளர் முன்னால் என்னை நிறுத்தவில்லை.

அன்று மாலையே நான் இன்னொரு காரியம் செய்தேன். டெலிவரிப் புத்தகத்தில் அவர் வீட்டு போன் எண் இருந்தது. பின்னறை போனிலிருந்து கூப்பிட்டேன். டீச்சர்தான் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். எல்லாம் அணைத்த பிறகும் சத்தம் கேட்கிறது என்கிறார், தள்ளாடுகிறார், தாமதிக்காதீர்கள் என்றேன்.

"தம்பி, ஆனா அன்னைக்கு நான் உங்களக் கேட்டப்ப..."

"டீச்சர், கடையில ஆளு வந்திருக்காங்க. அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். கடையில் யாரும் வரவில்லை.

பிறகு பேசவில்லை. தீபாவளி வந்து போனது. புது வருடம் வந்தது. பொங்கலும் கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பின்னறையில் இருந்த எனக்குக் கடை முன்பக்கம் அந்தப் பழைய பெரிய குரல் கேட்டது. "எங்க அந்தத் தம்பி? கூப்புடுங்க அவர!"

வெளியே வந்தேன். மாணிக்கம் அண்ணன் நின்றிருந்தார். இளைத்திருந்தார். தலையில் ஒரு பக்கம் முடி மழித்து, மறுபடி வளரத் தொடங்கியிருந்தது. காதின் பின்னால் நீளமாக ஒரு தழும்பு. வலது பக்க முகம் தொங்கிப் போயிருந்தது. அந்தக் கண் சரியாக மூடவில்லை. பாதி வாயால் சிரித்தார். இரண்டு கையையும் விரித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"தம்பி, கட்டி! காதுக்குப் போற நரம்புல கட்டி! இன்னும் விட்டிருந்தா மூளைய அமுக்கி ஆளையே முடிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. உன்னை அன்னைக்கு என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சிரு. நீ சொல்லலன்னா நான் இன்னைக்கு இல்ல."

அழுதார். அழும்போதும் ஒரு கண்தான் ஒழுங்காக அழுதது. கடையில் இருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முதலாளி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க கடை ஆளுங்க அப்படிதான், மாணிக்கம். காத வச்சே கண்டுபிடிப்பாங்க" என்றார். அன்றிலிருந்து நான் மறுபடி முன்பக்கம் வந்தேன். அந்தக் கதையை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி, அதைச் சொல்லியே பல பெட்டிகளை விற்றார்.

மாணிக்கம் அண்ணன் முதலாளியோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது டீச்சர் பாட்டுக் கேட்கும் அறைக்குள் தனியாகப் போனார். நான் பின்னால் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

அவர் நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி நின்றார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

அன்று போனை வைத்துத் தப்பியது போல் இங்கே தப்ப முடியவில்லை.

"தெரியும் டீச்சர்."

"நாற்காலியத் திருப்புனப்பவே?"

"ஆமா."

"நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க டீச்சர்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கணக்குக் கேட்பது போலத்தான் கேட்டார்.

"அதுக்கடுத்த வாரம் கிள்ளான்ல காது டாக்டர்கிட்ட அவரக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன். பேர் குடுத்து வச்சிருந்தேன். காதப் பத்தித் தெரிஞ்ச நீங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னு விட்டுட்டேன். போன வருசத் தைப்பூசத்துக்குப் பத்துமலைக் கோயில் படியிலேர்ந்து இறங்கும்போதே தள்ளாடினாரு. விரதக் களைப்புன்னு நினைச்சோம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு வருசம் முன்னாடியே வந்திருந்தா முகம் இப்படி ஆவாம இருந்திருக்குமான்னு பெரிய டாக்டர்கிட்ட கேட்டேன். சொல்ல முடியாதும்மான்னாரு."

சொல்ல முடியாது. அந்த டாக்டர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். இன்று வரை கிடைக்கவில்லை.

"நான் போய் அவர்கிட்ட உண்மையச் சொல்லிடறேன் டீச்சர்" என்றேன்.

"வேணாம்." முதல் முறையாக அவர் குரலில் கடுமை வந்தது. "கண்ணாடியப் பாக்க மாட்டேங்கறாரு. வெளிய வரமாட்டேங்கறாரு. இன்னைக்கு உங்களப் பாக்கணும்னுதான் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்புனாரு. ஒரு நல்ல மனுசன் நம்மளக் காப்பாத்துனாருன்னு நம்பிக்கிட்டு இருக்காரு. அது அப்படியே இருக்கட்டும். உங்களுக்கு மனசு லேசாவுறதுக்காக அவருகிட்டேர்ந்து அதையும் எடுக்காதீங்க."

முன்பக்கம் போய் மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வலது காது முழுவதும் போய்விட்டது. ஒரு காதால் கேட்கிறவருக்கு இரண்டு ஸ்பீக்கரால் பயனில்லை. பாதிக் கச்சேரி காணாமல் போகும். நான் விற்ற ஆம்ப்ளிபையரில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் பொத்தான் இல்லை. பின்னறையில் அந்தப் பொத்தான் உள்ள பழைய ஆம்ப்ளிபையர் ஒன்று இருந்தது. அதைத் துடைத்துச் சரிசெய்து கொண்டுபோய், ஒரே ஒரு ஸ்பீக்கரை அவருடைய இடது பக்கமாக வைத்து, எல்லாவற்றையும் அதற்குள் சேர்த்துவிட்டேன். அவர் அதே வயலின் தட்டைப் போட்டுக் கேட்டார்.

"எல்லாரும் ஒரே பாய்ல நெருக்கி உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார். "பரவாயில்ல. எல்லாரும் இருக்காங்க."

நீங்கள் கேட்ட பொருத்தத்தில் நான் குறை வைக்காமல் செய்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் கடையில் இருந்தவரை, குறை ஆளோடு திரும்புகிறதா என்று சந்தேகம் வந்த ஒவ்வொரு முறையும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். திரும்பினால் சொல்லிவிட்டேன். சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவே இல்லை. சிலருக்கு வெறும் காது அழுக்கு. அதற்கும் என்னைத் திட்டினார்கள். திட்டு வாங்குவது ஒன்றும் கஷ்டமில்லை, பழகிவிடும். உங்களிடம் ஒருவர் நேராகப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்துகொண்டே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இதற்கு மேல் எனக்கு உபதேசம் செய்யத் தெம்பில்லை.

மாணிக்கம் அண்ணன் என்னை விடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கும் அதிரசமும் ஆள் மூலம் அனுப்பினார். போர்ட் கிள்ளானில் லோரி வைத்திருந்த அவர் நண்பர்களையெல்லாம் என்னிடம் அனுப்பினார். அவர்கள் என் கையைப் பிடித்து, "நீங்கதானா அந்தத் தம்பி?" என்று கேட்பார்கள். நான் தலையாட்டுவேன்.

சில வருடம் கழித்து அவர் மகளுக்குக் கிள்ளானில் கல்யாணம். மண்டபம் நிறைந்த கூட்டம். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை ஆள் விட்டுத் தேடி மேடைக்கு இழுத்துப் போனார். மைக்கை வாங்கினார். முகம் ஓரளவு தேறியிருந்தாலும் பேச்சு இன்னும் ஒரு பக்கமாகத்தான் வந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"இந்தத் தம்பி மட்டும் அன்னைக்கு வாயத் தொறந்து உண்மையச் சொல்லலன்னா, என் மகளத் தாரை வார்த்துக் குடுக்க இன்னைக்கு நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார். ஒரு சால்வையைப் பிரித்து என் தோளில் போர்த்தினார். மண்டபம் முழுவதும் கை தட்டியது. மணப்பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் டீச்சர் பட்டுப் புடவையில் நின்றிருந்தார். அவரும் கை தட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினார்.

இறங்கி, சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வாசல் பக்கம் நழுவினேன். டீச்சர் எப்படியோ எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாப்புடாம போனா அவரு கேப்பாரு" என்றார். "உக்காருங்க தம்பி."

உட்கார்ந்தேன். பரிமாற ஆட்கள் இருந்தும் அவரே இலை போட்டார். அவரே சோறு வைத்தார், குழம்பு ஊற்றினார், அப்பளம் வைத்தார். பக்கத்து இலைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்து, "வீட்டம்மாவே பரிமாறுறாங்க, குடுத்து வச்சவருங்க நீங்க" என்றார்.

குனிந்துகொண்டு சாப்பிட்டேன். பாயசம் வரும் வரை எழுந்திருக்கவில்லை.